முதலில் பீலி, பிறகு பெயிண்ட்

ஆப்பிரிக்க வேளாண் ஆய்வு நிலையங்களில் காலனிக் காலத்துப் பங்களாக்களைப் பராமரிக்கும் நிர்வாகங்களுக்கும், அதற்குப் பணம் தரும் அமைப்புகளுக்கும்

வணக்கம்.

இன்னொரு நிலையத்திலும் புதுப்பிப்பு வேலை முடிந்து ரிப்பன் வெட்டியாகிவிட்டது. சுவருக்கு வெள்ளை, சன்னலுக்குப் பச்சை, வாசலில் பித்தளைப் பலகை. கூரை விளிம்பில் மட்டும், மழைத் தண்ணீரை ஏந்திக் கொண்டுபோகும் பீலி இல்லை. எந்த நிலையம் என்று எழுதவில்லை. எழுதினால் மற்றவர்கள் தப்பித்துக்கொள்வீர்கள்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: கூரைத் தண்ணீருக்கு வழி செய்யாமல் சுவரைத் தொடாதீர்கள்.

1902இல் ஜெர்மானியர் அமானி நிலையத்தைத் தொடங்கிய, இன்றைய தான்சானியாவின் கிழக்கு உசம்பாரா மலையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 மி.மீ. மழை. பெல்ஜியர் காலத்து யங்காம்பி நிலையத்தில், காங்கோ ஆற்றங்கரையில், அதைவிடக் கொஞ்சம்தான் குறைவு. 150 சதுர மீட்டர் கூரையில் 2,000 மி.மீ. பெய்தால் 3 லட்சம் லிட்டர். ஒரே மாலையில் 50 மி.மீ. கொட்டினால் 7,500 லிட்டர். பீலி இல்லாவிட்டால் அத்தனையும் சுவரடியில்தான் விழும்.

கட்டிய காலத்தில் இது இவ்வளவு பெரிய சிக்கல் இல்லை. அகன்ற வராந்தா இருந்தது. சாரலும் சேறும் அதோடு நின்றன. பிறகு குடும்பங்கள் பெருகின, அறை போதவில்லை. வராந்தாவை ஒற்றைச் செங்கல் சுவர் வைத்து அடைத்தார்கள். இப்போது அந்த மெல்லிய சுவர்தான் இறவாரத் தண்ணீர் விழும் கோட்டிலேயே நிற்கிறது. அதன்மேல் சிமெண்ட் பூசி, பிளாஸ்டிக் பெயிண்டும் அடித்திருக்கிறீர்கள். விரிசல் வழியாகவும் அடித்தளம் வழியாகவும் ஏறிய ஈரம் வெளியேற வழியில்லை. முதலில் பெயிண்ட் கொப்பளிக்கும், பிறகு உப்பு பூக்கும், கடைசியில் சிமெண்ட் பூச்சு செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு விழும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய சுவர்களுக்கும் இதே கதிதான்.

பீலி பெரிய பொறியியல் இல்லை. ஒரு சதுர மீட்டர் கூரைக்கு ஒரு சதுர செ.மீ. குறுக்குவெட்டு என்பது கணக்கு. இருபக்கச் சரிவில் ஒரு பக்கத்துக்கு 75 சதுர மீட்டர் என்றால் 150 மி.மீ. அகல அரைவட்டப் பீலி போதும். மீட்டருக்கு ஒரு செ.மீ. சரிவு. தாங்கிகளுக்கு இடையே 60 செ.மீ.க்கு மேல் விடக்கூடாது. விட்டால் முதல் பருவத்திலேயே நடுவில் தொய்ந்து தண்ணீர் தேங்கும். இறங்குகுழாய் தொட்டிக்குப் போகட்டும், தொட்டி நிரம்பி வழிவது சுவரிலிருந்து மூன்று மீட்டராவது தள்ளிப் போகட்டும். தொட்டி வாய்க்கு வலை கட்டுங்கள். இல்லையென்றால் கொசு வளர்க்கும் நிலையமாகிவிடும்.

கூரையிலும் அதே அவசரம். பழைய தடித்த 24 கேஜ் தகரத்தைக் கழற்றிவிட்டு மெல்லிய 30 கேஜ் போடுகிறீர்கள். இலை அள்ள ஒருவர் ஏறினாலே நசுங்குகிறது. ஆணியை அலையின் முகட்டில், ரப்பர் வாஷர் வைத்து அடிக்க வேண்டும். பள்ளத்தில் அடித்திருக்கிறார்கள். தண்ணீர் ஓடுவதே பள்ளத்தில்தானே?

இந்த வீடுகளில் இன்று இருப்பவர்கள் களப் பணியாளர்களின் குடும்பங்கள். சமையலறை வீட்டுக்குப் பின்னால், சில அடி தள்ளித் தனிக் கட்டடம். புகையும் வேலைக்காரர்களும் துரையின் அறைக்கு வராதிருக்க அப்படிக் கட்டினார்கள். இடையில் கூரை போட்ட நடை இருந்தது. அதன் கால்களைச் சுற்றிப் பூச்செடிக்காக மண்ணை உயர்த்தினார்கள், கரையான் தடுக்கும் தகரத் தொப்பி மண்ணுக்குள் போயிற்று, கரையான் ஏறியது, நடையும் போயிற்று. புதுப்பிப்பில் அதைத் திரும்பக் கட்டவில்லை. ஆகவே மழைக்காலத்தில் சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு, பீலியில்லாத இறவாரத் தண்ணீருக்குள் புகுந்துதான் அந்த வீட்டுப் பெண்கள் சாப்பாட்டு அறைக்கு வரவேண்டும். துரைக்கு அது தெரிந்திருக்காது, நனைந்தது சமையல்காரர். உங்களுக்கும் தெரியாது என்று நம்ப எங்களால் முடியவில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். மேட்டில் பங்களா, பள்ளத்தில் தொழிலாளரின் வரிசை வீடுகளான லைன் என்று பிரித்துவைத்தவர்கள் போய்ப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. பாரம்பரியப் பாதுகாப்புப் பணம் இன்னும் மேட்டைவிட்டு இறங்கவில்லை. லைன் வீடுகளுக்குப் பித்தளைப் பலகை இல்லை, ஒரு டப்பா பெயிண்ட்கூட இல்லை. மேட்டிலிருந்து அவர்களுக்குத் தவறாமல் வந்து சேர்வது ஒன்றுதான்: பங்களாக் கூரையின் தண்ணீர். அதை அரும்பொருளாகக் கணக்கில் சேர்த்துவிட்டீர்களோ என்னவோ.

கோபத்தில் வரம்பு மீறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவாகவே கேட்கிறோம். அடுத்த மதிப்பீட்டில் முதல் தவணை கூரைக்கும் பீலிக்கும் வடிகாலுக்கும் சமையலறை நடைக்கும் போகட்டும். லைன் வீடுகளும் அதே தவணையில் வரட்டும். சுவரடியிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்கு சிமெண்டைக் கொத்தி எடுத்து, ஒரு வறண்ட பருவம் காயவிடுங்கள். பிறகு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் சேர்த்து மெல்லிய படைகளாகப் பூசுங்கள். அடுத்த பெருமழையில் ஒரு பொறியாளர் குடையோடு போய் வீட்டைச் சுற்றிப் பார்த்து, சுவரடி காய்ந்திருக்கிறது என்று கையெழுத்திட்ட பிறகே பெயிண்டுக்கான பணத்தை விடுவியுங்கள்.

இப்படிக்கு,
பழங்கட்டடப் பராமரிப்பில் உழைப்பவர்கள்