வெளிநாட்டாருக்கென்று செய்த பலவீனமான பூட்டு

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

செய்தியைப் பிறர் வாசிக்க முடியாதபடி பூட்டிவிடும் குறியாக்க மென்பொருளை ஆயுதம் போலக் கருதி, அது நாடு கடந்து போவதை அரசாங்கங்கள் கட்டுப்படுத்த வேண்டும் என்று வாதாடும் கட்டுரையை உங்கள் சென்ற வார இதழில் வாசித்தேன். உயர்தர மாணவருக்குத் தகவல் தொழினுட்பம் படிப்பிக்கிறவள் நான். பேசாமல் இருக்க மனம் வரவில்லை.

அமெரிக்கா இதைச் செய்து பார்த்துவிட்டது. 1996 வரை அங்கே வலுவான குறியாக்கம் போர்த்தளவாடப் பட்டியலில் இருந்தது. பிலிப் ஸிம்மர்மன் என்ற நிரலாளர் 1991இல் வெளியிட்ட, மின்னஞ்சலைக் குறியாக்கும் பீஜீபீ மென்பொருள் இணையம் வழியே வெளிநாடுகளுக்குப் பரவியதால் அவர்மீது குற்ற விசாரணை நடத்தி, 1996 தொடக்கத்தில் வழக்கே போடாமல் கைவிட்டார்கள். இதற்கிடையில் அதே நிரலை அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகப் பதிப்பகம் புத்தகமாக அச்சிட்டு விற்றது. கணனி வட்டில் தடுத்த எழுத்தைத் தாளில் போகவிடும் சட்டம் யாரைத் தடுக்கும்?

எனக்கு ஆத்திரம் வருவது நெற்ஸ்கேப் என்ற அந்தக் காலத்து இணைய உலாவியின் கதையில்தான். அந்த ஏற்றுமதி விதியால் அமெரிக்கருக்கு 128 பிட் சாவி, எங்களைப் போன்றவர்களுக்கு 40 பிட். (சாவி என்பது பூட்டிய செய்தியைத் திறக்கும் இரகசிய எண், பிட் அதன் நீளம்.) 40 பிட் என்றால் ஏறத்தாழ ஒரு இலட்சத்துப் பத்தாயிரம் கோடிச் சாவிகள். கேட்கப் பெரிதுதான், ஆனால் கணனிகள் அவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிடும். 1995இல் பிரான்சில் டமியன் டொலிஜெஸ் என்பவர் அப்படி எட்டு நாளில் உடைத்துக் காட்டினார். 1997இல் கலிபோர்னியாவில் ஒரு மாணவருக்கு மூன்றரை மணித்தியாலம் போதுமாக இருந்தது.

2000இல் விதிகளைத் தளர்த்தியும் ஏற்றுமதிக்கென்று செய்த சாவிகள் இணையத்தளங்களை இயக்கும் சேவையகங்களில் அப்படியே கிடந்தன. 2015இல் 'ஃப்ரீக்' என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது, இடையில் புகுந்த ஒருவர் புதிய உலாவியைக்கூடப் பழைய 512 பிட் ஏற்றுமதிச் சாவிக்கு இறக்கிவிடலாம் என்று தெரிந்தது. (இது வேறு வகைச் சாவி, இதில் 512 என்பது சிறியது.) நூறு டொலர் அளவில் கணனிகளை வாடகைக்கு எடுத்தால் அதை உடைக்கலாம். அமெரிக்க தேசிய பாதுகாப்பு முகமையின் இணையத்தளத்திலும் அந்த ஓட்டை இருந்தது. பிறருக்கு வெட்டிய குழியில் தாங்களே விழுந்தார்கள்.

கட்டுரையாளர் பயங்கரவாதத்தைக் காரணம் காட்டுகிறார். 2019 ஈஸ்டர் ஞாயிறன்று சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் பிள்ளைகளைப் பறிகொடுத்த மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆனால் அன்று தகவலுக்குக் குறைவிருக்கவில்லை. முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்தும் பொறுப்பானவர்கள் கடமையைச் செய்யவில்லை என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றமே தீர்ப்பளித்தது.

என் மாணவர் பலரின் தாய்மார் குவைத்திலும் சவூதியிலும் வீட்டு வேலை செய்கிறார்கள். பணம் அனுப்பவென்று பிள்ளை வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கத்தைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் போடும். எசமானிடம் படும் துன்பத்தைத் தாய் குரல் பதிவாக அனுப்புவா. 2016இலிருந்து இவையெல்லாம் முழுக்கக் குறியாக்கப்பட்டே போகின்றன. அந்தப் பெண்களுக்கு வேறு பாதுகாப்பு என்ன இருக்கிறது?

இந்த ஏற்றுமதி விதிகளை இன்று பல நாடுகள் சேர்ந்து வகுக்கும் வாசெனார் உடன்பாட்டில் இலங்கை இல்லை. அங்கே 'வெளிநாடு' என்று சொல்லும்போது அதில் நாங்களும் அடக்கம். கட்டுரையாளர் தொடர்ந்து எழுதுவதானால், குற்றவாளிக்கு மட்டும் பலவீனமாகவும் குவைத்தில் இருக்கும் அந்தத் தாய்க்கு வலுவாகவும் ஒரே சாவியை எப்படிச் செய்வது என்பதை விளக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை,
களுவாஞ்சிகுடி.