அண்ணன் போனில் இருக்கும் பணம்

மக்கா,

அண்ணன் இறந்து பதினாறு முடிந்து அவர் மனைவி மைனியும் அம்மாவும் கொஞ்சம் தேறியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். நேற்று போனில் நீ போகிறபோக்கில் சொன்னது மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிறது: "பயலுக்கு அண்ணனோட ஜிபே பின் தெரியும், செலவுக்கு அதுலயிருந்தே எடுக்கோம்." உடனே நிறுத்தச் சொல்லு. அண்ணன் மகன் நல்ல பிள்ளை, அம்மா கஷ்டப்படக் கூடாதுன்னுதான் செய்கிறான். ஆனால் அண்ணன் இறந்ததோடு அந்தப் பின்னைப் போடும் உரிமையும் போய்விட்டது. உயில் இல்லாததால் அது இப்போது வாரிசுகள் எல்லாருடைய பணம். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மைனி, பிள்ளைகளோடு உன் அம்மாவுக்கும் சமபங்கு உண்டு. இறந்த தேதிக்குப் பிறகு பணம் போனதை வங்கி பார்த்தால் கேள்வி வரும், கிளெய்ம் இழுக்கும். இதுவரை எடுத்ததைத் தேதி, தொகை, ரசீதோடு எழுதி வையுங்கள்.

சிம்மை மட்டும் விட்டுவிடாதே, ரீசார்ஜ் பண்ணு. 90 நாள் சும்மா கிடந்தால் நம்பர் வேறு ஆளுக்குப் போக வழியுண்டு. வீட்டு லோன் தவணை, எஸ்ஐபி (மியூச்சுவல் ஃபண்ட் மாதத் தவணை), பிரீமியம் என்று எங்கே என்ன பிடிக்கிறார்கள் என்பதை அதில் வரும் எஸ்எம்எஸ்தான் காட்டும். மரணத்தைத் தெரிவித்ததும் கணக்கிலிருந்து பணம் போவதை வங்கி நிறுத்திவிடும், ஆட்டோ டெபிட் எல்லாம் பணம் பிடிக்க முடியாமல் திரும்பும். அதனால் லோன் கொடுத்த கிளைக்கும் அதே நாளில் எழுதிக் கொடு. லோனோடு இன்சூரன்ஸ் சேர்த்திருந்தார்களா என்றும் கேள்.

ஆப்பில் திறந்த கணக்குக்கும் ஆன்லைன் எஃப்டிக்கும் பாஸ்புக்கோ பத்திரமோ இருக்காது, வீட்டில் தேடிப் பிரயோசனமில்லை. வருமான வரித் தளத்தில் மைனியைச் சட்ட வாரிசாகப் பதிவு செய்தால் அண்ணனுடைய ஏஐஎஸ், அதாவது வருடாந்திரத் தகவல் அறிக்கை, திறக்கும். எந்த வங்கி எவ்வளவு வட்டி கொடுத்தது என்று அதில் வரும். மறந்துபோன கணக்குகூட பெரும்பாலும் இங்கேதான் தலைகாட்டும். கடைசி ரிட்டர்னும் போட வேண்டியிருப்பதால் பான் கார்டை இப்போது ஒப்படைக்காதே. பாஸ்புக்கில் மே கடைசியில் 436 ரூபாய் பிடித்த பதிவு இருக்கிறதா என்றும் பார். இருந்தால் அது ஜீவன் ஜோதி பீமா என்ற அரசு ஆயுள் காப்பீடு, 2 லட்சம் கிடைக்கும். அண்ணனுக்கு 52தானே, 55 வரை கவர் உண்டு. அதைத் தள்ளிப்போடாமல் அந்தக் கிளையிலேயே கேளுங்கள்.

நாமினி இருக்கும் கணக்குக்கு கிளெய்ம் ஃபாரம், இறப்புச் சான்றிதழ், மைனியின் அடையாளச் சான்று போதும். நாமினி பணத்தை வாங்குகிறவர் மட்டுமே, உரிமை வாரிசுகளுடையதுதான் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லியிருக்கிறது. நாமினி இல்லாத ஆப் கணக்குக்குத்தான் வேலை அதிகம். ரிசர்வ் வங்கியின் 2025 விதிப்படி வணிக வங்கியில் 15 லட்சம் வரை, கூட்டுறவு வங்கியில் 5 லட்சம் வரை கோர்ட்டுக்குப் போக வேண்டாம், வெளியாள் ஜாமீனும் வேண்டாம். இழப்பீட்டுப் பத்திரமும் (பின்னால் பிரச்சினை வந்தால் நாங்களே பொறுப்பு என்று எழுதித் தருவது), பணம் கோராத வாரிசுகள் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தரும் கடிதமும் வேண்டும். அம்மாவிடம் அந்தக் கையெழுத்தை வாங்கும்போது, என்னத்துக்கு என்று விளக்கிச் சொல்லிவிட்டு வாங்கு.

வாரிசுச் சான்றிதழுக்கு விளவங்கோடு தாலுகா ஆபீசில் அலையாதே. அண்ணன் குடியிருந்தது கேரளத்துப் பாறசாலை, நெய்யாற்றின்கரை தாலுகா ஆபீசுக்குத்தான் போகணும். அங்கே கெஜட்டில் அறிவிப்புப் போட்டு ஒரு மாசம் ஆட்சேபணைக்குக் காத்திருப்பார்கள். பணம் அந்த 15 லட்சம், 5 லட்சம் வரம்புக்குள் என்றால், குடும்பத்தை அறிந்த, வங்கி ஏற்றுக்கொள்ளும் வெளியாள் ஒருவரின் வாரிசு உறுதிமொழியும் போதும் என்று விதியிலேயே இருக்கிறது. மேனேஜர் தெரியாது என்றால் விதியை அச்செடுத்து மேஜையில் வை.

நம்ம பக்கத்தில் பெயர்தான் பெரிய தொல்லை. பள்ளிச் சான்றிதழில் இனிஷியல், ஆதாரில் வீட்டுப்பெயர், பான் கார்டில் அப்பா பெயர் விரித்து எழுதியது என்று மூன்று விதமாக இருந்தால் மூன்றும் ஒரே ஆள்தான் என்று முத்திரைத்தாளில் அபிடவிட் எடுத்துவிடு. இறப்புச் சான்றிதழில் எந்தப் பெயர் ஏறியிருக்கிறது என்பதை முதலில் பார், பிழை இருந்தால் இப்போதே திருத்து.

எல்லாம் கொடுத்ததும் தேதி போட்ட ஒப்புகைச்சீட்டு வாங்காமல் வெளியே வராதே. பேப்பர் முழுசாகச் சேர்ந்த நாளிலிருந்து 15 நாளில் முடிக்க வேண்டும். வங்கியால் தாமதம் என்றால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டுக்கு மேல் 4 சதவீத வட்டி தரணும். எஃப்டியை முன்கூட்டி முடித்தாலும் அபராதம் பிடிக்கக் கூடாது.

ஹால் டிக்கெட்டை குழித்துறை பஸ்ஸில் விட்ட ஆள் நீ. ஒரிஜினல் எல்லாம் மைனி கையிலேயே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை வாறேன், பாஸ்புக்கும் போனும் எடுத்து வை, ஃபாரத்தைச் சேர்ந்தே நிரப்பலாம்.