புதரைச் 'சுத்தம்' செய்யாதீர்கள்

ஐயா,

எங்கள் தெருவை ஒட்டிய சோலையில் ஒரு தங்கும் விடுதிக்காரர் கீழ்ப்புதர்களை வெட்டி, புல்தரையாக்கி, விளக்குகளும் நட்டுவிட்டார். கேட்டால், "மரம் எதையும் தொடவில்லையே!" என்கிறார்.

அந்தப் புதரில்தான் நீலகிரி சோலைக்கிளி வாழ்கிறது. பெயரைக் கேட்டுப் பச்சைக்கிளி என்று எண்ண வேண்டாம். மலையாளத்தில் கிளி என்றாலே பறவைதான். ஏறக்குறைய சிட்டுக்குருவி அளவுதான். கருநீல மேனி, செம்பழுப்பு விலா, வெண்ணிற அடிவயிறு. ஆணும் பெண்ணும் ஒரே தோற்றம். மரக்கிளையில் அமர்ந்து நமக்குக் காட்சி தருவது அபூர்வம். விடியலிலும் அந்தியிலும் அரையிருட்டில், உதிர்ந்த இலைகளுக்கிடையே பூச்சி தேடித் திரியும். மரப்பொந்திலோ மண்சரிவின் குழியிலோ பாசி பரப்பிக் கூடு கட்டி, பெரும்பாலும் இரண்டே முட்டைகள் இடும்.

பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே, பழனி, ஆனைமலைப் பகுதிகளில் இருப்பது இதன் உறவு. ஆனால் தனி இனம். இரண்டுக்குமாக 2017-இல் ஆய்வாளர்கள் வகுத்த புதிய பேரினத்துக்கு 'ஷோலிகோலா' என்று பெயர். நம் 'சோலை' அறிவியல் பெயரில் ஏறிவிட்டது, மலையில்தான் தேயிலைக்கும் சீகை (வாட்டில்) மரத்துக்கும் தைலமரத்துக்கும் இடம்விட்டுச் சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது. நீலகிரி இனம் அழியும் ஆபத்திலுள்ள பறவைகளின் உலகப் பட்டியலில் இருக்கிறது.

மரத்தை எண்ணும் அதிகாரிகள் புதரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். விடுதி வளாகங்களில் மிஞ்சியிருக்கும் சோலைத் துண்டுகளில் கீழ்ப்புதர் வெட்ட முன் அனுமதி கட்டாயமாக்கலாம். அடுத்த கூடு கட்டும் பருவம் ஏப்ரலில் தொடங்குகிறது.

- ஒரு வாசகர், குன்னூர்