எந்த மென்பொருள் என்று கேட்ட மகளுக்கு

அன்பு மகளுக்கு,

டொராண்டோவில் படத்தொகுப்பு உதவியாளராகச் சேர்ந்திருக்கும் நீ, வீட்டில் பயிற்சிக்கு எந்த மென்பொருளை வைத்துக்கொள்வது, மாதச் சந்தா கட்டலாமா வேண்டாமா என்று கேட்டிருந்தாய். தொலைபேசியில் சொன்னால் பாதி மறந்துபோகும் என்பதால் எழுதியே அனுப்புகிறேன். இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் கல்யாண வீடியோக்களை டேப்பிலிருந்து டேப்புக்கு ஏற்றித் தொகுத்த காலம் முதல் இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் எனக்கு உறுதியாகத் தோன்றுவது ஒன்றுதான்: நீ செய்த வேலையை முழுதாக வெளியே எடுத்துக்கொண்டு போக வழி விடுகிற கருவியைத் தேர்ந்தெடு, மற்ற வசதிகளையெல்லாம் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2011 ஜூன் மாதம் ஆப்பிள் நிறுவனம் தன் தொகுப்பு மென்பொருளான ஃபைனல் கட் ப்ரோவின் எக்ஸ் பதிப்பை வெளியிட்டபோது, அதற்கு முந்தைய ஏழாம் பதிப்பில் செய்த புராஜெக்டுகளை, அதாவது காட்சிகளை வெட்டி அடுக்கிய வேலைக் கோப்புகளை, அதில் திறக்க முடியவில்லை. உலகெங்கும் எத்தனையோ தொகுப்பாளர்கள் பல ஆண்டு உழைப்பை வைத்துக்கொண்டு திகைத்து நின்றார்கள். ஒவ்வொரு வேலையையும் முடிக்கும்போது மற்ற மென்பொருள்களும் படிக்கக்கூடிய எக்ஸ்எம்எல் கோப்பாகவும் எடுத்து வைத்திருந்தவர்கள் மட்டும் அதை அடோபியின் தொகுப்பு மென்பொருளான பிரீமியரில் இறக்கிக்கொண்டு மேற்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்கள். 2013 முதல் அடோபி தன் புதிய பதிப்புகளைச் சந்தா முறையில்தான் தருகிறது. பிரீமியர் நல்ல கருவிதான், அலுவலகத்தில் அது இருந்தால் நன்றாகக் கற்றுக்கொள், ஆனால் சந்தா நின்ற மாதத்தில் உன் சொந்தப் புராஜெக்டை நீயே அதில் திறக்க முடியாது என்பதையும் நினைவில் வை. ஆகவே எந்த மென்பொருளானாலும் வேலை முடிந்த அன்றே எக்ஸ்எம்எல் ஒன்று, இடிஎல் ஒன்று, திரையில் எழுத்துகள் இல்லாத சுத்தமான மாஸ்டர் பிரதி (முழுத் தரத்தில் எடுத்த இறுதிப் படம்) ஒன்று என எடுத்து வைத்துவிடு. இடிஎல் என்பது வெறும் எழுத்துக் கோப்பு. எந்த டேப்பில் எந்த டைம்கோடிலிருந்து (காட்சியின் ஒவ்வொரு இடத்தையும் குறிக்கும் நேர எண்) எதுவரை எடுத்து, காட்சிகளை வரிசையாக அடுக்கும் டைம்லைனில் எங்கே வைத்தோம் என்று வரிவரியாக அதில் இருக்கும். நோட்பேடில் திறந்தாலும் படிக்கலாம் என்பதால்தான் அந்தப் பழைய வடிவத்தின்மேல் எனக்கு இன்றும் மதிப்பு.

வீட்டுப் பயிற்சிக்கு டாவின்சி ரிசால்வ் என்ற தொகுப்பு மென்பொருளின் இலவசப் பதிப்பே போதும் என்பது என் முடிவு. நிறம் திருத்தும் விலையுயர்ந்த இயந்திரங்களைச் செய்துவந்த டாவின்சி நிறுவனத்தை 2009-இல் ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் வாங்கியது. பெரிய ஸ்டூடியோக்களுக்கு மட்டுமே கட்டுப்படியான அந்தக் கருவி இப்போது நம் மேசைக்கே வந்திருக்கிறது. அவர்களின் தளத்திலேயே பயிற்சி நூல்களும், பாடங்களில் வரும் காட்சிக் கோப்புகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. யூடியூபில் பத்து நிமிடக் குறிப்புகளைத் தேடி அலைவதற்கு முன், அந்த எடிட்டிங் நூலை முதல் பக்கத்திலிருந்து பொறுமையாகச் செய்து பார். இரவுக் காட்சிகளின் புள்ளிகளைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்ஷன் போன்றவை ஸ்டூடியோ பதிப்பில்தான் உண்டு. அதையும் ஒரே தடவை பணம் கட்டி வாங்கிவிடலாம் என்பதால், கையில் சம்பாத்தியம் வந்தபின் யோசித்துக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை: ரிசால்வ் உன் புராஜெக்டைக் காட்சிகள் இருக்கும் ஃபோல்டரில் வைப்பதில்லை, தனியான தரவுத்தளத்தில் வைக்கிறது. ஃபோல்டரை மட்டும் நகலெடுத்துவிட்டு எல்லாம் பத்திரமாக இருப்பதாக நினைப்பவர்கள் பலர். நீ புராஜெக்டைத் தனியாக எக்ஸ்போர்ட் செய்து காட்சிகளோடு சேர்த்து வை.

இனி நான் அனுப்பப்போகும் வேலைக்கு வருகிறேன். ஈஸ்டரின்போது இசிப்பிங்கோ மாரியம்மன் கோவில் திருவிழாவில் நான் கேமராவில் எடுத்ததும், உறவினர்கள் தங்கள் கைபேசிகளில் எடுத்ததும் கலந்து இருக்கின்றன. என் கேமரா நொடிக்கு 25 ஃபிரேம், அதாவது 25 தனிப் படங்கள். நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையும் அதுவே. கைபேசிகளோ ஏறக்குறைய 30. அந்த 30-உம் நிலையாக இருப்பதில்லை. வெளிச்சத்தையும் கருவியின் சுமையையும் பொறுத்துக் கூடும், குறையும். ஒலி மட்டும் சீராக ஓடுவதால், தொடக்கத்தில் தவில்காரரின் குச்சி தோலில் படுவதும் ஓசை எழுவதும் ஒன்றாக இருக்கும். காட்சி நீள நீள ஓசை விலகிக்கொண்டே போகும். இதைக் கண்ணால் பிடிக்கக் காத்திராமல், மீடியாஇன்ஃபோ என்ற இலவசக் கருவியில் ஒவ்வொரு கோப்பையும் போட்டுப் பார். ஃபிரேம் வேகம் மாறுவது என்று காட்டினால், ஹேண்ட்பிரேக் என்ற கோப்பு மாற்றும் கருவியில் நிலையான வேகத்துக்கு மாற்றிய பிறகே டைம்லைனுக்குக் கொண்டுவா. கட்டளைகளைத் தட்டி இயக்கும் எஃப்எஃப்எம்பெக் என்ற கருவி பழகிவிட்டால் அதே வேலையைத் தொகுப்புக்கு ஏற்ற புரோரெஸ் வடிவத்திலேயே செய்துகொள்ளலாம், தரமும் அவ்வளவாகக் குறையாது, கணினியும் திணறாது.

புராஜெக்டைத் தொடங்கியதும் டைம்லைன் வேகத்தை 25 என்று முதலில் வைத்துவிடு. காட்சிகளைப் போட்ட பிறகு ரிசால்வில் அதை மாற்ற விடாது. 30-இல் எடுத்த காட்சிகளை 25-க்கு இறக்கும்போது ஃபிரேம்கள் விடுபட்டு நடை வெட்டி வெட்டித் தெரியும். ஓசை தேவைப்படாத இடங்களில், பூ எறியும்போதோ கஞ்சி ஊற்றும்போதோ, அந்த ஃபிரேம்களை ஒன்றுகூட விடாமல் 25-இலேயே ஓடவிட்டால் 83 சதவீத வேகத்தில் மெல்லிய நிதானம் கிடைக்கும். அது திருவிழாவுக்குப் பொருந்தியும் இருக்கும். கோவிலுக்குள் எடுத்த சில கைபேசிக் காட்சிகளில் இருண்ட பட்டைகள் மேலும் கீழும் நகர்வதைக் காண்பாய். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கொளி நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. 60 ஹெர்ட்ஸ் நாட்டுக்கு ஏற்ற ஷட்டரில் எடுத்தால் இரண்டும் ஒத்துப்போகாது. அதைத் திருத்தப் பாடுபடுவதைவிட, அந்தக் காட்சிகளை ஒதுக்கிவிட்டு என் கேமராவில் உள்ளதை எடுத்துக்கொள்வதே மேல்.

ஒலிக்கு ஃப்ரீசவுண்ட் தளம் நல்லது. பார்சிலோனாவின் பொம்பேவு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் 2005-இல் தொடங்கியது. ஆனால் ஒவ்வொரு ஒலிக்கும் உரிமம் வேறு. சிலவற்றுக்குப் பெயர் குறிப்பிட்டால் போதும், சிலவற்றை வணிகப் பணிக்குத் தொடவே கூடாது. பிபிசியின் ஒலித்தொகுப்பும் சொந்தப் பயன்பாட்டுக்கும் கல்விக்கும் மட்டுமே இலவசம். பதிவிறக்கும்போதே உரிமத்தை ஒரு கோப்பில் குறித்துக்கொள். படம் முடிந்தபின் தேடினால் கிடைக்காது.

தமிழ் எழுத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 'கொடியேற்றம்' என்று தலைப்பில் தட்டிப் பார்: ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னும் கால் அதன் பின்னும் நிற்க வேண்டும். பிரீமியரில் அது சிதறினால், அமைப்புகளில் எழுத்துகளைக் கோத்துக் காட்டும் எழுத்து இயக்கியைத் தெற்காசிய, மத்தியக் கிழக்கு மொழிகளுக்கு என்று மாற்றி, மென்பொருளை மூடித் திற. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு இலவசம், திரையில் தெளிவாகவும் இருக்கும். வசன வரிகளைச் சப்டைட்டில் எடிட் கருவியில் செய்து, தமிழ் எழுத்துகளைச் சிதறாமல் வைக்கும் யூடிஎஃப்-8 முறையில் சேமி. இங்கே பிறந்த பிள்ளைகளில் பலர் தமிழை எழுத்தாகப் பார்ப்பது கோவிலிலும் இப்படிப்பட்ட படங்களிலும்தான். அங்கேயும் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடந்தால் அதையே சரியென்று எண்ணிவிடுவார்கள்.

பணம் செலவழிக்க வேண்டுமென்றால் ஹார்ட் டிஸ்குக்குச் செலவழி. இரண்டு டிஸ்கில் இரண்டு பிரதி, வேறொரு வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ மூன்றாவது. ரிசால்வின் மீடியா பக்கத்தில் உள்ள குளோன் கருவியால் நகலெடுத்தால், ஒவ்வொரு கோப்பும் பிழையின்றி வந்ததா என்று அதுவே சரிபார்க்கும். லோட் ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு நடந்த ஆண்டுகளில் டர்பனில் இருந்த நாங்கள் எந்நேரமும் மின்சாரம் போகும் என்று எதிர்பார்த்தே வேலை செய்து பழகினோம். அங்கே அந்தத் தொல்லை இல்லாவிட்டாலும் தானியங்கிச் சேமிப்பையும் புராஜெக்ட் பேக்கப்பையும் இன்றே இயக்கிவிடு.

டிஸ்கை உன் சின்னம்மா அடுத்த மாதம் அங்கே வரும்போது கொண்டுவருவார். ஃபோல்டர்களின் பெயரை மாற்றாதே. என்னிடம் உள்ள பிரதியிலும் அதே பெயர்கள்தான் இருக்கின்றன, ஆகவே நீ வேகம் மாற்றிய கைபேசிக் காட்சிகளை இணையச் சேமிப்பில் ஏற்றிவிட்டு, சிறிய எக்ஸ்எம்எல் கோப்பை மின்னஞ்சலில் அனுப்பினால் உன் டைம்லைனின் வெட்டுகள் இங்கே திறக்கும். தவில் வரும் பகுதியின் முதல் கட் முடிந்ததும் அனுப்பு. பார்த்து, டைம்கோடோடு குறிப்பு எழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா