கேபிளைப் பிடுங்கிப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்

அலுவலகங்களுக்கு சர்வர் வாங்கும் கொள்முதல் குழுவினருக்கு,

வணக்கம். நான் சர்வர் அறையில் வேலை பார்ப்பவன். டெண்டரில் பிராசசர், மெமரி, டிஸ்க் என்று பக்கம் பக்கமாகக் கேட்கிறீர்கள். அந்த பிராசசர்கள் லேனுக்கு, அதாவது அலுவலகத்தின் உள் நெட்வொர்க்குக்கு, எந்த வழியாகப் போகும் என்பதற்கு மட்டும் "2 நெட்வொர்க் போர்ட்" என்று ஒரே வரி. அந்த வரியால் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன்.

ஐபிஎம் 2002இல் கொண்டுவந்த பிளேடுசென்டரை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பெட்டிதான், ஆனால் எனக்கு நன்றாகத் தெரிந்தது. 7யூ உயரத்தில் (சர்வர்களை அடுக்கும் ராக்கில் ஏழு தட்டு) 14 பிளேடுகள், அதாவது பலகை போல மெல்லிய 14 சர்வர்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு கிகாபிட் போர்ட். பிளேடிலிருந்து லேன் கேபிள் எதுவும் வெளியே வராது. நடுவில் நிற்கும் மிட்பிளேன் பலகை வழியாக முதல் போர்ட் பின்புறத்து முதல் நெட்வொர்க் ஸ்விட்சுக்கும், இரண்டாவது போர்ட் இரண்டாவது ஸ்விட்சுக்கும் போகும். அந்த ஸ்விட்சுகளிலிருந்துதான் அலுவலக லேனுக்கு கேபிள்.

நாங்கள் வைத்திருந்த ஸ்விட்சில் உள்ளே 14 போர்ட், வெளியே 6. இரவு பேக்கப் ஓடும்போது நெரிசல்தான், அதைச் சமாளித்துவிட்டோம். சமாளிக்க முடியாதது வேறு.

ஒருநாள் ராக்கில் வேலை செய்தவர்கள் முதல் ஸ்விட்சின் வெளி கேபிள்களைக் கழற்றிவிட்டார்கள். இரண்டு போர்ட்டையும் டீமிங் செய்திருந்ததால் (ஒன்று போனால் மற்றது வேலையை ஏற்கும்படி இணைத்திருந்ததால்) பயமில்லை என்றிருந்தோம். ஆனால் பிளேடுகள் இரண்டாவது போர்ட்டுக்கு மாறவே இல்லை. காரணம் எளிது: பிளேடுக்கும் ஸ்விட்சுக்கும் இடையிலான இணைப்பு பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. வெளி கேபிள் போனாலும் அது அறுபடாது. லிங்க் இருக்கிறதே என்று நம்பி, வழியில்லாத ஸ்விட்சுக்கே பிளேடு தரவுப் பாக்கெட்டுகளை அனுப்பிக்கொண்டிருந்தது. பணம் கட்ட வந்தவர்கள் அன்று கவுன்டரில் நின்றுகொண்டே இருந்தார்கள். அதை இன்னும் மறக்க முடியவில்லை.

இதற்கு மருந்து அந்த ஸ்விட்சிலேயே இருந்தது. டிரங்க் ஃபெயில்ஓவர் என்பார்கள். வெளி லிங்க் விழுந்தால் உள் போர்ட்டுகளையும் ஸ்விட்சே இறக்கிவிடும், பிளேடு அடுத்த போர்ட்டுக்குத் தாவும். ஆர்டரில் எழுதப்படாததால் நிறுவியவர்கள் அதை ஆன் செய்யவில்லை.

ஆகவே தயவுசெய்து டெண்டரில் மூன்றைச் சேருங்கள்: ஸ்விட்சின் உள், வெளி வேகம் எவ்வளவு, இரண்டு போர்ட்டும் இரண்டு தனி ஸ்விட்சுக்குப் போகின்றனவா, வெளி லிங்க் போனால் பிளேடுக்கு எப்படித் தெரியும். பெட்டி வந்திறங்கியதும் ஒரு ஸ்விட்சின் வெளி கேபிள்களை மொத்தமாகப் பிடுங்கச் சொல்லுங்கள். 14 பிளேடுக்கும் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைச் செய்தி) போகிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். மற்ற ஸ்விட்சுக்கும் அதையே செய்யுங்கள். பில்லில் கையெழுத்து அதற்குப் பிறகு.

இப்படிக்கு,
ஒரு சர்வர் அறை ஊழியன்