கீர்த்தனைக்கும் பயிற்சி நேரம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1774-இல் பாளையங்கோட்டையில் பிறந்து தஞ்சையில் வாழ்ந்த வேதநாயக சாஸ்திரியார் கர்நாடக இசை மரபில் இயற்றிய கீர்த்தனைகளைத் தமிழ்த் திருச்சபைகள் இன்றும் பாடி வருகின்றன. ஆனால், பல ஆலயங்களில் கீபோர்டில் பதிவாகியுள்ள தாளத்தை ஓடவிட்டு, அதன் வேகத்துக்குப் பாடகர் குழு பாடி முடிப்பதால், பாட்டின் இரண்டாம் பகுதியான அனுபல்லவியில் நின்று வர வேண்டிய கமகங்கள் (சுரங்களின் அசைவுகள்) காணாமல் போவதோடு, உடன்பாட இயலாத முதியவர்கள் பாட்டுப் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். இது மிகுந்த வேதனை தருகிறது. மேற்கத்திய மெட்டுகளில் பாடும் பாமாலைகளை ஆல்ட்டோ, டெனர், பேஸ் எனக் குரல் பிரித்துப் பொறுமையாகக் கற்பிக்கும் குழுத் தலைவர்களின் உழைப்பு பெரிது. அதே அக்கறையுடன் சனிக்கிழமைப் பயிற்சியில் அரை மணி நேரத்தைக் கீர்த்தனைக்கு ஒதுக்கி, பழைய மெட்டுகளை மனப்பாடமாக அறிந்த மூத்தோரை அழைத்துப் பாடச் செய்து, அவற்றைப் பதிவுசெய்து சிறுவர்களுக்குக் கற்பிக்கச் சபைக் குழுக்கள் உடனே முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
பாடகர் குழு உறுப்பினர் ஒருவர்,
திருநெல்வேலி.