மகனுக்கு, வள்ளியூரிலிருந்து

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மையும் ஆச்சியும் சுகம்.

போன் இருக்கும்போது தாள் எதற்கு என்று நினைப்பாய். ஆடி மாதம் லீவுக்கு வந்து போனதிலிருந்து போனில் நீ என்னிடம் "ம்", "சரிப்பா", "அம்மைட்ட குடுங்க" என்ற மூன்றுக்கு மேல் பேசுவதில்லை. தாளில் எழுதினால் நடுவில் அம்மையிடம் கொடு என்று சொல்ல முடியாது பார். போட்டோ எடுத்து அனுப்ப எனக்கே தெரியும், யார் கையிலும் கொடுக்க மாட்டேன்.

ஊர்ச் சேதி என்றால், காற்று சீசன் முடிந்துவிட்டது, பணகுடிப் பக்கம் காற்றாடி பாதி சும்மா நிற்கிறது. பெரியத்தை வீட்டுக்கு கேட் செய்து மாட்டியாயிற்று, காசு வரவில்லை, வராது, உனக்குத் தெரியும். ஆச்சிக்கு முழங்கால். அவ்வளவுதான். நீ வேலையில் கவனமாக இரு. உயரத்தில் வேலை செய்யும்போது மாட்டுகிற பெல்ட்டில் இரண்டு கொக்கி இருந்தால் ஒன்றைக் கழற்றும்போது மற்றது மாட்டியிருக்கணும் என்று நீதான் அம்மைக்குக் கரண்டியை வைத்துச் செய்து காட்டினாய். அதை மறந்துவிடாதே. வேலை முடிக்கிற அவசரத்தில்தான் எல்லாம் நடக்கும்.

மூன்று ஞாயிறாக நீ அம்மையோடு வீடியோ காலில் பேசும்போது நான் பின்னாலிருந்து பார்க்கிறேன். போனை எதன் மேலோ சாய்த்து வைத்துவிட்டுச் சாப்பிடுகிறாய். போன வாரம் சோறு பிசையும்போது தட்டு நகர்ந்து நகர்ந்து போனது, நீ பிடிக்கவில்லை. அம்மை ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அங்கே அபுதாபியில் கோடையில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மத்தியானம் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது என்று சொன்னாயே, நான் கூட சிரித்தேன், அக்னி நட்சத்திரத்தில் தகரக் கொட்டகைக்குள் வெல்டிங் வைக்கிறவனிடம் போய் இதைச் சொல்கிறானே என்று. சட்டம் இருக்கட்டும். கை கால் எப்படி இருக்கிறது என்பதுதான் எனக்கு வேணும்.

நீ வந்திருந்தபோது பட்டறையில் வேலையாட்கள் முன்னால் கிரைண்டிங் மிஷினைக் காட்டி, வீலை மூடுகிற தகடு இல்லையே, "கார்டு எங்கப்பா" என்று கேட்டாய். வீலை எடுத்து நடுவில் இருக்கிற தகர வளையத்தைக் காட்டி, மாசம் வருஷம் போட்டிருக்கு பாருங்க, இது காலாவதியாகி ஒரு வருஷமாச்சு என்றாய். மாத்திரைக்குத்தான் காலாவதி, கல்லுக்குமா என்று நான் கேட்க எல்லாரும் சிரித்தார்கள். நீ வாங்கி வந்த கண்ணாடியையும் கையுறையையும் ஆணியில் மாட்டிவிட்டு, துபாய்க்காரன் வந்துட்டான் என்றேன். நீ இருப்பது அபுதாபி என்று எனக்குத் தெரியும். வேணுமென்றுதான் சொன்னேன்.

ஆனால் ஒன்று. டிரில்லிங் மிஷினில் கையுறை போடக் கூடாது, துணி சுற்றினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தது எந்த சேஃப்டி ஆபீசரும் இல்லை, நான்தான். அங்கே கூட்டத்தில் இதைக் கேட்டபோது கை தூக்கியது நீ மட்டும்தான் என்று அம்மையிடம் சொன்னாயாம். அன்றைக்கு டீக்கடையில் நாலு பேரிடமாவது சொல்லியிருப்பேன்.

2022 மே மாதம் அடைமிதிப்பான்குளம் குவாரியில் ராத்திரி பாறை சரிந்து ஆறு பேர் மாட்டினார்களே, நாலு பேர் போய்விட்டார்கள். விதி என்று டீக்கடையில் எல்லாரும் சொன்னோம். நீ போனில், "விதின்னா ராத்திரி அந்தப் பாறைக்குக் கீழ ஆளை இறக்குனது யாரு" என்று கேட்டாய். எனக்கு எரிச்சலாக வந்தது. ஏன் அவ்வளவு எரிச்சல் என்று அப்போது யோசிக்கவில்லை.

உன் தாத்தா திசையன்விளையில் பனை ஏறினவர். தினமும் ஏறுவதற்கு முன்னால் தளைநாரைக் காலில் மாட்டித் தரையிலேயே இரண்டு இழுப்பு இழுத்துப் பார்ப்பார். அதைப் பார்த்துத்தான், அவனவன் உயிர் அவனவன் பொறுப்பு என்று நான் பேசிப் பழகினேன். தாத்தாவுக்கு நாரும் அவருடையது, காலும் அவருடையது. பட்டறையில் மிஷின் என்னுடையது, கை அடுத்தவனுடையது.

நீ ஒன்பதாம் வகுப்பு படித்த வருஷம். பணகுடிப் பையனைத்தான் சொல்கிறேன். கிரில்லின் மூலைக்குள் போகவில்லை என்று நாலு இஞ்சு மிஷினின் கார்டைக் கழற்றிப் போட்டது நான். அறுத்து முடித்ததும், பிசிறு தேய்க்க கிரைண்டிங் வீல் மாற்றட்டுமா அண்ணாச்சி என்று அவன் கேட்டான். மாற்ற இரண்டு நிமிஷம் ஆகும். கட்டிங் வீலையே சாய்த்து வைத்துத் தேயல என்றேன். அது மெல்லிசு வீல், நேராக அறுக்க மட்டும்தான், பக்கவாட்டில் அழுத்தினால் தாங்காது. எனக்குத் தெரியாதா? நிமிஷத்துக்கு 11,000 சுற்று சுற்றுகிற சாமான். உடைந்த சத்தம் கூடப் பெரிதாகக் கேட்கவில்லை, மிஷின் மட்டும் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. இடது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் போய்விட்டன. அவன் கைலியை வைத்துக் கையைச் சுற்றிக்கொண்டு, ஒன்னுமில்ல அண்ணாச்சி, ஒன்னுமில்ல என்று என்னைத் தேற்றினான்.

அவனுக்குப் பதினேழு வயசு. ஆஸ்பத்திரியில், அவன் வீட்டில் அருவாள் பட்டுவிட்டது என்று எழுதச் சொன்னேன். டெம்போவில் கூட வந்த உன்னையும் அப்படியே சொல்லச் சொன்னேன், நீ சொன்னாய். ஆஸ்பத்திரிச் செலவும் கையில் 15,000 ரூபாயும் கொடுத்து, அவன் அப்பனிடம் ஒரு தாளில் ரேகை வாங்கினேன், பையனின் கவனக்குறைவுதான் என்று. அதற்கு முன்னால் ஒரு வக்கீல் குமாஸ்தாவைப் போய்க் கேட்டிருந்தேன். வேலையில் அடிபட்டால் முதலாளி ஈடு கொடுக்கணும், 1923-லேயே சட்டம் வந்துவிட்டது, வெறும் கவனக்குறைவு என்று சொல்லித் தப்ப முடியாது, வேலைக்காரனே வேணுமென்று கார்டைக் கழற்றியிருந்தால் வேண்டுமானால் தப்பலாம் என்று அவர் சொன்னார். பார்த்துக்கொள், எல்லாம் தெரிந்துதான் செய்தேன். அதற்குப் பிறகு இத்தனை வருஷமாக, கவனமில்லாத பயல் என்று அவனைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆடி மாதம் நீ கார்டு எங்கே என்று கேட்டபோது நீ எதைக் கேட்டாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால்தான் அப்படிச் சிரித்தேன்.

அதனால் சொல்கிறேன், அங்கே யாராவது தாளை நீட்டினால் படிக்காமல் கையெழுத்துப் போடாதே. உன் தப்புதான் என்று எழுதியிருந்தால் போடவே போடாதே. உன் தப்பாகவே இருந்தாலும் ஒரு நாள் கழித்துப் போடுகிறேன் என்று சொல். வேலை போனால் போகட்டும், இங்கே பட்டறை இருக்கிறது, உனக்குப் பிடிக்காது, சரி, இருந்தாலும் இருக்கிறது. படிக்காமல் மட்டும் போடாதே.

பழைய இரும்பைக் கொட்டிப் பார்த்ததில் அந்த கார்டு கிடைத்தது. துரு பிடித்திருந்தது, தேய்த்து மாட்டிவிட்டேன். மூலைக்குள் போகவில்லைதான், அந்த இடத்தை அரம் வைத்துத் தேய்க்கிறார்கள், நேரம் ஆகிறது, ஆகட்டும். போன புதன்கிழமை பணகுடிக்கும் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டீக்கடை வைத்திருக்கிறான். வலது கையைத் தூக்கி ஆற்றுகிறான், கிளாஸ் இடது கையில் மூன்று விரலுக்குள் நிற்கிறது, ஒரு சொட்டுச் சிந்தவில்லை. சீனி கம்மிதானே அண்ணாச்சி என்றான். ஞாபகம் வைத்திருக்கிறான். சொல்லணும் என்று போனது ஒன்று, வாயில் வரவில்லை, காசு கொடுத்தேன், வாங்கமாட்டேன் என்றான். தம்பி அபுதாபியில நல்லா இருக்கானா என்று கேட்டான். நல்லா இருக்கான் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அவனிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது தட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு சாப்பிடு ஐயா. எப்படி இருந்தாலும் பரவாயில்லை, அம்மை பார்க்கட்டும்.

அப்பா